காலிமனையில் கிடைத்த பொம்மை

விருத்தாசலத்தில் மனைப் புரோக்கர்களுக்கு வேலை போய்விட்டது. பெண்ணாடம் சாலையில் மனைக்கட்டு சித்தர் வந்து இறங்கியதுதான் காரணம். காலியாகக் கிடக்கும் இடத்துக்கு வாடகைக்கு ஆள் வரவில்லையென்றால், மண்ணுக்குள் எவனோ செய்வினைப் பொம்மையைப் புதைத்திருக்கிறான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதைத் தோண்டி எடுத்துவிட்டால் ஆள் தானாக வருவார். கமிஷன் கிடையாது, காணிக்கை மட்டும்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவர்களுக்குச் சீடர் பொறுமையாக விளக்கினார்: கமிஷன் வேலை முடிந்தபிறகு கொடுப்பது.

செவ்வாய்க்கிழமைதோறும் பந்தல் நிரம்பி வழிந்தது. இடம் வைத்திருப்பவர்களுக்கு மஞ்சள் டோக்கன், இடம் தேடுகிறவர்களுக்குப் பச்சை டோக்கன். சித்தர் இரு தரப்புக்கும் பொது. எல்லோரும் ஒரே பாயில் உட்காரலாம். ஆனால் யாரும் யாரோடும் பேசக் கூடாது. பேசினால் பலன் கலைந்துவிடுமாம்.

மூன்று வாரமாக மஞ்சள் டோக்கனோடு வாய்மூடி உட்கார்ந்திருந்தாள் ராஜாம்பாள். சாலையோரப் பத்து சென்ட் மனை, கணவர் விட்டுப்போன ஒரே சொத்து. இரண்டு வருடமாக அதில் சீமைக்கருவேல மரங்கள்தான் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. தை பிறப்பதற்குள் ஆள் வராவிட்டால், கொழுந்தன் வளவன் கேட்ட அடிமாட்டு விலைக்கே எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மார்கழியில் பாதி போயிருந்தது. பாவம், பயந்துபோய்த்தான் கிடந்தாள்.

நான்காவது செவ்வாய், சித்தர் டோக்கன்காரர்கள் புடைசூழ அவள் மனைக்கே எழுந்தருளினார். சீடர் சரியாக ஒரு மூலையில் போய்த் தோண்டினார். ஓர் அடி ஆழத்தில் கரி பூசிய பொம்மை கிடைத்தது. முந்தின நாள் இரவு அதே மூலையில் நின்ற பைக் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலன் கலைந்துவிடுமே.

பக்கத்து வீட்டு தேவி மட்டும் டோக்கன் வாங்காததால் வாயைத் திறந்தாள். பீங்கான் பட்டறையில் அச்சில் பொம்மை வார்ப்பவள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்.

"சாமி, இது எத்தினி வருசமா உள்ள இருக்குது?"

"நாப்பது வருசம் தாயி. ஒரு நாள் குறையாது."

தேவி பொம்மையை வாங்கி விரலால் சுண்டினாள். ணங்கென்று கேட்கவில்லை. சூளைக்கே போகாத பச்சை மண். சித்தர் சூளைக்கூலியையும் மிச்சம் பிடித்திருந்தார்.

"நாப்பது மழைய தாங்கிச்சே, ஒரு பக்கெட்டு தண்ணிய தாங்குமான்னு பாப்போம்."

எதிர் டீக்கடையிலிருந்து பக்கெட் வந்தது. பொம்மை உள்ளே போனது. முதலில் மூக்கு கரைந்தது, பிறகு காது, கொஞ்ச நேரத்தில் ஆளே இல்லை. சித்தர் அசரவில்லை. தன் பார்வை பட்டதால் செய்வினை கரைகிறது என்றார். நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தேவி தன் பையைத் துழாவினாள். மகள் விளையாடுவதற்காக எடுத்துவந்த, விரிசல் விட்ட பச்சை மண் பிள்ளையார் ஒன்று இருந்தது. அதையும் பக்கெட்டில் போட்டாள். பிள்ளையாரும் அதே வேகத்தில் கரைந்தார்.

"இது போன வாரம் நான் வார்த்து காயவச்சது. இதுல யாரு வச்ச செய்வினைங்க?"

கூட்டத்தில் பாதிப்பேர் பீங்கான் பட்டறைக்காரர்கள். பச்சை மண் தண்ணீரில் கரையும் என்பது அவர்கள் கைக்கு நன்றாகத் தெரியும். கைகூப்பியிருந்ததால் மறந்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். சித்தர் அவசர பூசை இருப்பதாகச் சொல்லிக் காரைத் தேடினார். காணிக்கையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற முடிந்தது.

அதன்பிறகு, பச்சை டோக்கனைக் கையில் வைத்திருந்த கோகுல்ராஜ் தயங்கித் தயங்கி ராஜாம்பாளிடம் வந்தான். கான்கிரீட் போட முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறவன். பலகைகளை அடுக்க இடமில்லாமல் ஆறு மாதமாக அலைகிறவன்.

"அக்கா, இந்த எடம் வாடகைக்கா?"

ராஜாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வாரமா எம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. கேக்கறதுக்கு என்ன?"

"பேசக் கூடாதுன்னாரேக்கா."

"நானும் அதுக்குத்தான் பேசல," என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பொங்கலுக்கு முன்பே கருவேலத்தை வெட்டி, கோகுல்ராஜ் பலகைகளை இறக்கிவிட்டான். வளவன் வேறு யாருடைய பயத்தையாவது தேடிப் போனார். புரோக்கருக்கு வேலையே இல்லை, சித்தருக்கும்தான்.

நாளை உங்கள் ஊரிலும் ஒருவர் பாய் விரித்து, பேசாதே, கேட்காதே என்பார். உட்காருவது உங்கள் விருப்பம். உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.