சாவி என் பாக்கெட்ல, லாரி ரோட்டுல

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மூணு மணிக்கு மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது, லோடு ஏத்துற லாரியோட சாவி என் கைல இருக்கணும். அவ்வளவுதான்!

2012 வாக்குல நான் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். புரொபேஷன் முடிய ரெண்டே நாள். மேனேஜர் தலையாட்டினா வேலை நிரந்தரம். இல்லன்னா சொந்த ஊருக்கு விருதுநகர் பஸ்ஸ புடிக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு வர்றதெல்லாம் ஸ்கிரீன் வண்டி. பக்கவாட்டுல தகரம் கிடையாது, மேலேருந்து கீழ வரைக்கும் தார்ப்பாய் திரைதான். திரைய ஒதுக்கிட்டு, ஃபோர்க்லிஃப்ட் சைடுலயே லோடு ஏத்தும். அந்த நேரம் டிரைவர் தெரியாம வண்டிய நகர்த்தினா தீர்ந்துச்சு கதை. அதுக்கு முந்தின மாசம் அப்படித்தான் சரக்கு அடுக்கின ஒரு பேலட் சரிஞ்சு, ரெண்டு பேர் மயிரிழையில தப்பிச்சாங்க.

அதனால நான் ஒரு ரூல் போட்டேன். லோடு முடியுற வரைக்கும் சாவி சூப்பர்வைசர்கிட்ட! பெரிய எழுத்துல அடிச்சு சுவத்துலயும் ஒட்டினேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற முனுசாமி மண்ணூர்க்காரர். அதை படிச்சுப் பாத்துட்டு, "இன்னா சார், சாவிய புடுங்கினா டிரைவருங்க கோச்சுக்க மாட்டானுங்களா?"ன்னார்.

"ஒருத்தரும் கோச்சுக்கல முனுசாமி! கேட்டதும் குடுத்துடறாங்க!"

அது ஏன்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

அன்னைக்கு வந்த டிரைவர் செல்லத்துரை அண்ணாச்சி, தூத்துக்குடி பக்கம். "சாவிதான சார், இந்தாங்க. பத்திரமா வச்சிக்கிடுங்க"ன்னு சிரிச்சிக்கிட்டே குடுத்தார். தங்கமான மனுஷன்!

ரெண்டரைக்கெல்லாம் லோடு முடிஞ்சுது. முனுசாமி ஃபோர்க்லிஃப்ட்ட சார்ஜ் போட போயிட்டார், அண்ணாச்சி டீ குடிக்க போயிட்டார். மேனேஜர் பாக்கட்டுமேன்னு நான் சாவிய திருப்பிக் குடுக்கல. அதோட விட்டேனா? லோடைக் கட்டின பெல்ட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்க, யார்கிட்டயும் சொல்லாம வண்டிக்குள்ள ஏறினேன். சொல்லணும்னு ரூல்ல எழுதலயே!

முன்னாடி, ரெண்டு பேலட்டுக்கு நடுவுல குனிஞ்சிருக்கேன். சர்ர்ருன்னு திரைய இழுக்குற சத்தம். அப்புறம் வெளியே ஒவ்வொரு பக்கிளா மாட்டுற சத்தம்.

எனக்கு பதட்டமே இல்ல. மூடினா மூடட்டும். சாவி நம்ம பாக்கெட்ல, வண்டி எங்க போயிடும்? பாக்கெட்ட ஒரு தட்டு தட்டிட்டு, நிதானமா அடுத்த பெல்ட்ட இறுக்கினேன்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு.

பக்கத்து வண்டின்னு நினைச்சேன். பக்கத்து வண்டி கிளம்பினா நான் ஏன் ஆடறேன்?

"அண்ணாச்சி! அண்ணாச்சியோவ்!"

கேபின்ல பாட்டு அலறுது. பக்கிள வெளியேருந்துதான் கழட்ட முடியும். என் போன காலையிலயே கேட்ல வாங்கி வெச்சிட்டாங்க. அதே கேட்ல எங்க செக்யூரிட்டி பில்லுல சீல் குத்தி, என்னையும் சேத்து அனுப்பி வெச்சார்.

ஒரகடம் சிக்னல்ல வண்டி நின்னுச்சு. திரைக்கு அடியில இருந்த இடுக்கு வழியா கைய விட்டு ஆட்டினேன். பக்கத்துல பைக்ல ஒருத்தர் பாத்துட்டார். அப்பாடா! அவரும் டாட்டா காட்டிட்டு போயிட்டார்.

மறைமலை நகர்ல கஸ்டமர் கேட். திரைய தொறந்த செக்யூரிட்டி என்னைப் பாத்தார், பில்லப் பாத்தார்.

"பில்லுல பம்பர் மட்டுந்தான கீது. இவரு யாரு?"

நான் இறங்கப் போனேன். "சார், எறங்காத! பில்லுல இல்லாதத எறக்க எங்களுக்கு பெர்மிஷன் இல்ல!"

அண்ணாச்சிக்கு முகம் வெளிறிப்போச்சு. "ஏ ஆத்தி! நீங்க எப்ப சார் ஏறினீங்க?"

நான் சாவிய எடுத்து நீட்டினேன். "இது என்கிட்ட இருக்கும்போது நீங்க எப்படிண்ணாச்சி வண்டிய எடுத்தீங்க?"

"அது டூப்ளிகேட்லா சார்! எல்லா கம்பெனியிலயும் சாவி கேக்காவ. குடுக்கதுக்குன்னே ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன். எல்லா டிரைவரும் அப்படித்தான். உங்கள வேற காணல, நாளைக்கு வாங்கிக்கிடலாம்னு வந்துட்டேன்."

ஒரு மாசமா நான் வாங்கி வாங்கி அழகு பாத்ததெல்லாம் டூப்ளிகேட்!

அண்ணாச்சி போன்லேருந்து கம்பெனிக்கு அடிச்சேன். மேனேஜரே எடுத்தார். "வண்டி இல்ல, சாவி இல்ல, நீங்களும் இல்ல. எங்கய்யா இருக்கீங்க?"

"கஸ்டமர்கிட்ட டெலிவரி ஆயிட்டேன் சார்."

மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிச்சு முடிச்சிட்டு, "ஒரு பெல்ட் அறுந்திருந்தா நீங்க உள்ளயே நசுங்கியிருப்பீங்க. புரொபேஷன் இன்னும் மூணு மாசம்"னார்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. அவ்வளவு தூரம் வந்தும் அந்த பயம் எனக்கு தோணவே இல்ல!

மூணு மாசம் கழிச்சு வேலை நிரந்தரம் ஆச்சு. சுவத்துல இருந்த ரூலயும் மாத்தி ஒட்டிட்டேன்.

இப்பல்லாம் லோடு முடியுற வரைக்கும் நான் சாவிய வாங்கி வெச்சுக்கறதில்ல, டிரைவரையே வாங்கி எதிர்ல உக்கார வெச்சுக்கறேன்.