ஏழைகள் பந்தயத்தின் சக்கர விதி

கடலுக்கு அப்பால், வரைபடம் போட்டவர்கள் மை தீர்ந்து நிறுத்திய இடத்தில் உருளிநாடு இருந்தது. அங்கே ஓட்டுப்பெட்டி கிடையாது. ஆண்டுக்கொரு கார் பந்தயம். ஜெயிப்பவரிடம் ஏரி மதகின் சாவி ஓராண்டு இருக்கும். ஏழைகளும் ஓட்ட வேண்டும் என்று மன்னர் மனமுருகியதால், ஓட்டைக் கார்களுக்கு மட்டுமே அனுமதி. சக்கரம் பதின்மூன்று அங்குலம்.

மூன்று ஆண்டுகளாகச் சாவி பந்தய அமைச்சர் அதிரூபர் வீட்டில்தான். தண்ணீர் அவருடைய மேலூரைத் தாண்டவில்லை. கீழூரில் நெல் கருகியது. அங்கே பஞ்சர் கடை வைத்திருந்த பவளக்கொடி, கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு காரைத் தட்டி நிமிர்த்தினாள். ஒத்திகை ஓட்டத்தில், மூன்று ஆண்டும் ஜெயித்த அமைச்சரின் மருமகன் சுகுமாரனை அரை மைல் பின்னே விட்டாள்.

மறுநாளே தண்டோரா: "ஏழைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, இனி சக்கரம் பதினான்கு அங்குலம்."

மருமகனின் காரில் முந்தின நாளே பதினான்கு மாட்டியிருந்தது தற்செயல் என்று அரசிதழ் விளக்கியது.

பவளக்கொடி ஒரு பழைய பிணவண்டியிலிருந்து நான்கு சக்கரங்களைக் கழற்றி வந்தாள். மறுபடி தண்டோரா: பெரிய சக்கரம் ஆணவத்தின் அடையாளம், எனவே பன்னிரண்டு. அதையும் தேடிப் பிடித்தாள். அடுத்து வந்தது காற்று விதி. டயரில் காற்றில்லாமல் அளக்க வேண்டும். அளந்த பின் காற்றடித்தால் முறைகேடு.

"ஐயா, பன்னெண்டுங்கிறது உள்ளே இருக்கிற இரும்போட அளவு. காத்துக்கு அதுல என்ன வேலை?" என்று அளவை அதிகாரியிடம் கேட்டாள்.

"விதி வளையாதும்மா. வேணும்னா நீளும்" என்றார் அவர்.

பந்தய நாளில் டயரில் காற்றோடு வந்து நின்ற இருபது கார்களும் விதி மீறியவை என முடிவானது. சக்கரங்கள் பறிமுதலாகி, கார்கள் செங்கல்மேல் நின்றன. அவசரத்தில் எழுதிய விதியில் மருமகனின் காரும் சிக்கிக்கொண்டதுதான் எதிர்பாராதது. அமைச்சர் சிறிது யோசித்து, ஒரு பல்லக்கை வரவழைத்து மருமகனை அதில் ஏற்றினார்.

"சக்கரமே இல்லாத வாகனத்துக்குச் சக்கர விதி பொருந்தாது" என்று அறிவித்தார். தூக்க ஆள் வேண்டுமே? தகுதி இழந்தவர்கள் சும்மாதானே நின்றார்கள். முன்தண்டின் நுனியைப் பவளக்கொடி பிடித்தாள்.

"என்னக்கா, அவனையே சுமக்கப் போறியா?" என்றான் பின்னால் நின்றவன்.

"வேற எப்படிடா நம்மள மைதானத்துக்குள்ள விடுவாங்க? தூக்கு."

"குலுக்காதீங்கப்பா" என்று உள்ளிருந்து சுகுமாரனின் குரல் வந்தபடியே இருந்தது. பல்லக்கு எல்லைக்கோட்டை அடைந்ததும் அமைச்சர் மாலையோடு எழுந்தார்.

"ஐயா, கோட்டை முதல்ல தொட்டது என் காலு" என்றாள் பவளக்கொடி.

"உனக்கு ஏது வாகனம்?"

"எங்கிட்டயும்தான் சக்கரம் இல்லை. விதி பொருந்தாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அளவை அதிகாரி விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். "முதலில் கோட்டைத் தொடுபவர் என்றுதான் இருக்கிறது, பிரபு" என்றார் தணிந்த குரலில். செங்கல்மேல் நின்ற கார்களின் சொந்தக்காரர்கள், கையில் ஜாக்கிக் கம்பியோடு நெருங்கி வந்தார்கள். அமைச்சருக்கு விதி தெளிவாகப் புரிந்தது. சாவியைக் கொடுத்தார்.

அடுத்த மாதமே புதிய விதி பிறந்தது: போட்டியாளரின் பாதம் ஒன்பது அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அளவை அதிகாரி டேப்போடு கீழூர் வயலுக்கு வந்தார்.

"காலை வெளிய எடும்மா, அளக்கணும்."

"மூணு வருசம் கழிச்சு நனைஞ்ச காலுய்யா. வேணும்னா நீங்க இறங்கி வாங்க" என்றாள் பவளக்கொடி, நாற்றுமுடியைப் பிரித்தபடி.

அவர் சுற்றிலும் பார்த்தார். ஊரே முழங்கால் சேற்றில் நின்று நடவு நட்டுக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பாதங்கள் அவருடையவை மட்டுமே. வரப்பில் உட்கார்ந்து, அவற்றையே அளந்து எழுதிக்கொண்டு போனார்.