சுவரோரத்து ஊற்று

சாரம் பகுதியில் எங்கள் தெருவில் படகு விட்டு ஆட்களை ஏற்றினார்களே ஒரு பெருமழை, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது இது. (நான் படகில் ஏறுவதற்குள் ஒரு செருப்பு போய்விட்டது. அது வேறு கதை.)

"அப்பா, தோட்டத்துல சின்னதா ஒரு சதுப்புக் குட்ட வெட்டலாம். மழத்தண்ணி தங்கும், தவள தட்டான் எல்லாம் வரும்" என்றாள் என் மகள் செல்வி. "ஆனா ஒரு மழக்காலம் பூரா பாத்துட்டுதான் எடத்த முடிவு பண்ணணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாகக் குடியிருக்கிற மனை. மேற்குச் சுவரோரம் கத்திரி வெயிலிலும் ஈரம் காயாது, கோரை தானாக முளைக்கும். அவள் வேலைக்குப் போன நேரத்தில் அங்கேயே வெட்டிவிட்டேன். முழங்கால் ஆழத்தில் தெளிந்த தண்ணீர் கசிந்தது. ஊற்று என்று தெரு முழுக்கச் சொன்னேன். என் மனைவி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். வந்தவர்கள் தலையில் தெளித்துக்கொண்டார்கள்.

"பாத்துட்டு செய்யலாம்னு சொன்னேனேப்பா" என்றாள் செல்வி. அதோடு விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் அவளும் விரும்பியவர்கள்தான். பையனின் அம்மா சரி என்று சொல்வதுதான் பாக்கி. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர், முகர்ந்தே என்றைக்குப் பிடித்த மீன் என்று சொல்லிவிடுவார். நான் சும்மா இருந்திருக்கலாம். அவரைக் குழியருகே அழைத்துப்போய், பெருமைக்கு ஒரு கை அள்ளிக் குடித்தும் காட்டினேன்.

அவரும் அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். (எனக்கு மில்லில் வேலை பார்த்த காலத்து மூக்குப்பொடிப் பழக்கத்தில் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.)

"அண்ணே, சென்ட் சோப்பு வாசன அடிக்குதே. பக்கத்து வூட்ல யாரு குளிக்கிறது?"

பக்கத்து வீட்டில் இருப்பவர், பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர். சுவருக்கு மேல் ஈரத்தலை எட்டிப் பார்த்தது.

"நாந்தாம்மா. இப்பதான் குளிச்சேன். ஏன்?"

அவர் குளியலறைக் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்து எத்தனை காலமோ.

என் மனைவி முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டாள். செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தை என் கையாலேயே குழியில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருடம் அந்த ஈரத்தைப் பார்த்தவன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லையே.

அந்த அம்மா கையை உதறினார்.

"பொண்ணு புடிச்சிருக்கு. காப்பி மட்டும் வாணாம்."

குட்டை இப்போது கூரைத் தண்ணீர் விழுகிற பக்கம் இருக்கிறது, செல்வி ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொன்ன இடம். சம்பந்தியம்மா வரும்போதெல்லாம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் எதிரில் வைப்பார். வீடே சிரிக்கும்.

குட்டை வெட்டப் போகிறவர் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லலாம், பரவாயில்லை.