வீட்டுக்காரருக்கு ஒரு போன்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? அடுப்பில் குழம்பு வற்றிவிட்டதா, மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்காமல், ஒரு கிழவி தன் புருஷனைத் தொலைத்த கதையைக் கேட்க இப்படியா சப்பணம் போட்டு உட்கார்வது? (வெக்கங்கெட்டதுங்க.) சரி, கேட்டுத் தொலையுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தீபா எழுதுகிறாள். என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாளாம். அடைப்புக்குறிக்குள்ளும் மேற்கோள் குறிக்குள்ளும் இருப்பது மட்டும் துவைக்காதது.

கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் என் புருஷன் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் மகள் முகத்தைப் பார்ப்பேன். அதற்காக என்னை மரியாதைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பெயரைத் தவிர மீதி எல்லாவற்றையும் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

போன வருடம் தீபா எனக்கொரு புது போன் கொடுத்தாள். அவள் கம்ப்யூட்டர் படிக்கிறவள்.

"ஆயா, உனக்குப் படிக்க வராதுன்னு கவலையே வேணாம். இந்த பட்டனை அமுக்கிட்டு பேரைச் சொல்லு. அதுவே கால் போட்டுரும்."

"தாத்தாவுக்கு இன்னான்னு சொல்றது?"

"தாத்தா பேரைத்தான்."

போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். எந்நேரமும் எதிரிலேயே உட்கார்ந்து டிவி பார்க்கிற மனுஷனுக்கு நான் எதற்கு போன் போடப் போகிறேன்?

எங்கள் கல்யாண நாள் வந்தது. பெருங்களத்தூரில் இத்தனை வருடம் குடியிருந்தும், அடுத்த ஸ்டேஷனான வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குள் நாங்கள் காலெடுத்து வைத்ததில்லை. "போய் சுத்திப் பாத்துட்டு வாங்க" என்று தீபா துரத்திவிட்டாள். என் புருஷனுக்கு சர்க்கரை. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். அன்றைக்கென்று அவருக்குக் காதல் பொங்கிவிட்டது. ஊசியைப் போட்டுக்கொண்டு, "இட்லிய கட்டி எடுத்துக்கமே, அங்க மரத்தடில குந்திகினு துண்லாம்" என்றார்.

உள்ளே போய் நீர்யானைக் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி பிடித்தேன். "பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்" என்று போனவர்தான். ஆளைக் காணோம். இட்லி டப்பா என் மடியில். அரை மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு தடவை இதே மாதிரி சாப்பிடாமல் போய், தாம்பரம் மார்க்கெட்டில் மயங்கி விழுந்து, மண்டையில் நான்கு தையல். பாத்ரூம் பக்கம் போய்ப் பார்த்தேன், இல்லை. சுற்றிலும் இருந்தது ஒரே ஒரு வடநாட்டுக் குடும்பம். என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை. மிச்சமிருந்தது நீர்யானை. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

போனை எடுத்தேன். பட்டனை அமுக்கினேன்.

"யாரை அழைக்க வேண்டும்?" என்றாள் உள்ளே இருக்கும் மகராசி. டிவியில் நியூஸ் வாசிக்கிறவள் மாதிரி குரல்.

பெயரைச் சொல்லாமல் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் எந்தப் பெண்பிள்ளையிடம் சொன்னாலும் சட்டென்று பிடித்துக்கொள்வாள். "அஞ்சுக்கு அப்பால வர்ற நம்பரு, கூட மூஞ்சிய சேத்துக்க" என்றேன்.

"மீன் அஞ்சலை அழைக்கப்படுகிறார்."

அஞ்சலை கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். "இன்னாக்கா, சங்கரா கீது, எடுத்தாரட்டா?" என்றாள். வைத்துவிட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (செஞ்சிருக்கவே வேணாம்.) பெயர் வேண்டாம், முறையைச் சொல்வோம். நானும் நியூஸ்காரி மாதிரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வீட்டுக்காரர்" என்றேன்.

"வீட்டுக்காரர் அழைக்கப்படுகிறார்."

அடி என் தங்கமே! போனை வாயருகில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் எடுத்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"யோவ்! எங்கய்யா போய்த் தொலைஞ்ச? ஊசிய போட்டுகினு ஒரு வாய் துண்ணாம போயிருக்கியே, அறிவு கீதாயா உனக்கு? நாப்பத்திநாலு வருசமா உன்ன கட்டிகினு அழுவுறேன். உழுந்து கெடந்தா யாருய்யா உன்ன தூக்கறது? நீ இருக்கற கனத்துக்கு நாலு ஆளு வேணும்! எதுனா பேசுய்யா!"

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"அம்மா... நான் ஹவுஸ் ஓனர் தாமோதரன் பேசறேன். நான் சாப்ட்டேன்மா."

பூமி பிளக்கும் என்று பார்த்தேன், பிளக்கவில்லை. பத்து வருடமாக அவர் வீட்டில் குடியிருக்கிறோம். வாசலில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேனே ஒழிய, இரண்டு வார்த்தை பேசியதில்லை. தீபா அவரைத்தான் 'வீட்டுக்காரர்' என்று போட்டு வைத்திருக்கிறாள். பின்னாலிருந்து அவர் பெண்டாட்டி குரல் கேட்டது: "யாருங்க அது, உங்கள நாப்பத்திநாலு வருஷமா கட்டிகினு அழுவுறது?"

வெட்கப்பட நேரமில்லை. அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு நம்பர் என்கிட்ட இல்லியேம்மா. உங்க பேத்திக்கு நான் பேசட்டா?"

"அவளுக்கு இன்னிக்குப் பரீட்சை சார், போன் ஆஃப்ல கீது. என் பொண்ணு கம்பெனில வாசல்லயே போனை வாங்கி வெச்சுக்குவாங்க."

"அப்ப நீங்களே அவரு பேரைச் சொல்லுங்கம்மா. போன் போய்டும்."

"அது எப்டி சார் சொல்றது?"

மனுஷன் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் கடைசி வரைக்கும் சொல்லல. எனக்குப் புரியுது. ஆனா இப்ப அவரு பொழைக்கணும் இல்ல? நான் போனை வெச்சுடறேன், நீங்க சொல்றது என் காதுல விழாது. வண்டிய எடுத்துகினு உடனே வர்றேன்."

யோசித்துப் பார்த்தேன். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் ஆயுசே முடியும். குறைகிறது பரவாயில்லை என்று முடிவுக்கு வந்தேன். பட்டனை அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, காதில் ரகசியம் சொல்வது போல அந்தப் பெயரைச் சொன்னேன்.

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் யாரும் இல்லை."

நாற்பத்து நான்கு வருடம் பூட்டி வைத்ததை எடுத்துக் கொடுத்தால், இல்லையாமே! கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். எங்கள் தெருப் பேச்சில் அந்தப் பெயர் எப்படி வருமோ அப்படித்தான் சொன்னேன். "மன்னிக்கவும். அந்தப் பெயரில் யாரும் இல்லை." எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. எழுந்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தது. நீர்யானை முங்கிவிட்டது. போன் மட்டும் அசையவில்லை. "மன்னிக்கவும்..."

"தோ... இங்க கீறேன்..."

குட்டைக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து குரல். ஓடினேன். (மூட்டு வலியாவது ஒண்ணாவது.) வழி தவறிப் போய், தலை சுற்றி, ஒரு சிமென்ட் பெஞ்சில் சாய்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்.

"இன்னாமே இது, எங்கம்மா கூப்ட்ட மாதிரியே இருந்திச்சி."

அவர் அம்மா போய் இருபது வருடம். வேலை பார்த்த லேத் பட்டறையில் எல்லாருக்கும் அவர் 'டர்னர்'. பிள்ளைகளுக்கு அப்பா, தாத்தா. நான் யோவ். அந்த முழுப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட ஒரே பெண்பிள்ளை அவருடைய அம்மாதான்.

"ஆமா, உங்கம்மாதான் இட்லி குட்த்து அனுப்பிச்சாங்க. வாயத் தொற" என்று ஊட்டிவிட்டேன். என் கண்ணீர் சட்னியில் விழுந்தது. உப்பு சரியாக இருந்தது என்றார்.

மூன்றாவது இட்லிக்கு தாமோதரன் சார் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் பாக்கெட், இன்னொரு கையில் அவர் பெண்டாட்டி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஜூஸ். அந்த வெயிலில், அத்தனை திட்டு வாங்கிக்கொண்டு, எங்களுக்காக ஓடிவந்த அந்த மனுஷனை இன்றைக்கும் நான் சாமி கும்பிடும்போது சேர்த்துக் கும்பிடுகிறேன்.

"ஓனரு இன்னாத்துக்கு வந்துகீறாரு?" என்றார் இவர்.

"வூட்டுக்காரரைக் கூப்ட்டேன். வூட்டுக்காரரு வந்தாரு" என்றேன்.

சாயங்காலம் தீபாவைப் பிடித்து உலுக்கினேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டுவிட்டு, பிறகு சொன்னாள்: "ஆயா, அது நியூஸ் படிக்கறவங்க பேசற தமிழ்லதான் கத்துக்கிச்சு. நம்ம தெரு தமிழ் அதுக்குத் தெரியாது. அதைச் செஞ்சவங்க வீட்ல பொண்டாட்டிங்க புருஷனை பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உன்ன மாதிரி ஒருத்தி இருப்பான்னு அவங்களுக்குத் தோணவே இல்ல."

இவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார். "மொத மொதல்ல நான் ஓட்டுன லேத்து வெளிநாட்டு மிஷினு. அந்த ஊருகாரன் ஒசரத்துக்கு செஞ்சது. எனக்கு கைப்பிடி எட்டாது. மிஷின வெட்ட முடியுமா? பலகை போட்டு அது மேல நின்னுதான் முப்பது வருசம் ஓட்டுனேன். இந்த போனுக்கும் ஒரு பலகை போடு, அவ்ளோதான்."

எந்த மிஷினும் பிறந்த வீட்டுப் பழக்கத்தோடுதான் வரும் போலிருக்கிறது, நான் வந்த மாதிரி. கட்டிக்கொண்ட பிறகு யாராவது ஒருவர் வளைந்து கொடுக்க வேண்டியதுதான். தீபா பலகை போட்டாள். அவர் பெயரை எடுத்துவிட்டு, 'இன்னாயா' என்று மாற்றினாள். இப்போது நான் பட்டனை அமுக்கி "இன்னாயா" என்றால் போதும், அவர் பாக்கெட்டில் மணி அடிக்கிறது. வீட்டில் சண்டை வந்து நான் குரலை உயர்த்தினால், என் மகள் இன்றைக்கும், "அப்பா, போன் அடிக்குது, எடு" என்கிறாள்.

விஷயம் தெருவுக்குப் போகாமல் இருக்குமா? மிருகக்காட்சி சாலைக்குப் போன மறுநாளே தண்ணீர்க் குழாயில் எதிர்வீட்டு சரோஜாவும் லூர்து மேரியும் என்னை மடக்கினார்கள்.

"இன்னாக்கா, பேரை சொல்லிட்டியாமே! அண்ணனுக்கு ஆயுசு கொறையாது?" என்றாள் சரோஜா. உண்மையாகவே பயந்துதான் கேட்டாள். ராத்திரி முழுக்க எனக்கும் அதே பயம்தான்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்:

"எவடி சொன்னா நான் பேரை சொன்னேன்னு? மூணு வாட்டியும், அந்தப் பேர்ல யாருமே இல்லன்னு மிஷினே சாட்சி சொல்லிக்கீது. அவ்ளோ படிச்ச மிஷினு பொய்யா சொல்லும்?"