கிளி போட்ட மார்க்கு

"சத்யப்பிரியா, இன்னொரு தரம் படிடா கண்ணு."

"இதோட ஆறு தரம் படிச்சாச்சு டீச்சர்."

"ஏழாவது தரம் கிளிக்குக் காது கேக்கும். படி."

சத்யப்பிரியா படித்தாள். மழையும் மயிலும் வருகிற பத்து வரிப் பாடம். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. கேள்விக்குறி வந்த இடத்தில் கேள்வி கேட்டாள், முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சு விட்டாள். செல்போன் திரையில் உட்கார்ந்திருந்த பச்சைக்கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. கேட்டுவிட்டு இறகால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கீழே எழுத்து ஓடியது: 'நிலை: முளை. மீண்டும் முயல்வோமா?'

"முயல்வோம், முயல்வோம். நீ நாசமாப் போவ!" என்றார் சாந்தி மேரி டீச்சர். சொன்ன கையோடு, "மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆண்டிமடத்திலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற தொடக்கப் பள்ளி அது. பிள்ளைகள் மொத்தம் பத்துப் பேர். ஐந்தாம் வகுப்பில் இந்த வருடம் ஆளே இல்லை. ஆசிரியர்கள் இரண்டு பேர். அதில் தலைமையாசிரியர் பாலசுந்தரம் வாரத்தில் நாலு நாள் அரியலூரில் மீட்டிங்கில் இருப்பார். வகுப்பறையை டிஜிட்டல் ஆக்குவது எப்படி என்று அங்கே சொல்லித் தருவார்கள். ஆக, வகுப்பறையில் இருப்பது சாந்தி மேரி ஒருவர்தான்.

சாந்தி மேரிக்கு செல்போன் மேல் எந்தப் பகையும் கிடையாது. சொல்லப்போனால், பிள்ளைகள் படிப்பதைத் தன் போனில் பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டுவதை யாரும் சொல்லாமலே ஆரம்பித்தவர் அவர். தான் எங்கே தடுமாறினோம் என்று பிள்ளை தானே கேட்டுச் சிரிக்கும். மறுநாள் தானே திருத்திக்கொள்ளும். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வராமல் அழுத சத்யப்பிரியா, அப்படித்தான் நாலாம் வகுப்பில் மருந்து டப்பாவில் இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் படிக்க ஆரம்பித்தாள்.

பகையெல்லாம் இந்தக் கிளியோடுதான். 'வாசிக்கும் கிளி' என்ற செயலி போன மாதம் மேலிருந்து வந்தது. பிள்ளை படித்தால் கிளி கேட்டு நிலை சொல்லும். விதை, முளை, செடி, மரம் என்று நாலு நிலை. சொல்லிவிட்டு, அதே நிமிடம் அப்பா அம்மாவின் போனுக்கும் மெசேஜ் அனுப்பிவிடும். அந்தக் கடைசி வேலையை மட்டும் கிளி ஒருநாளும் தவறாமல் செய்தது.

ஒன்பது பிள்ளைகள் விதை. சத்யப்பிரியா ஒருத்திதான் முளை. அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய அப்பா அங்கமுத்து, புதன்கிழமை காலையில் மகளைக் கொண்டுவந்து விட்டவர், வண்டியை விட்டு இறங்கி உள்ளேயே வந்துவிட்டார்.

"டீச்சர், முளைன்னு போட்டு வந்திருக்கு. எம்புள்ளைக்குப் படிப்பு வருமா, வராதா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? அருமையாப் படிக்கும். நீங்களே கேளுங்களேன்."

சத்யப்பிரியா படித்துக் காட்டினாள். அங்கமுத்து வாயைத் திறந்தபடி கேட்டார்.

"வூட்டுலயும் இப்படித்தான் பஸ் போர்டு, காலண்டருன்னு எல்லாத்தையும் படிக்குது. ஆனா கவருமெண்டுப் போனே முளைன்னு சொல்லும்போது நம்ம காது சொல்லி என்ன ஆவப்போவுது? வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாத் தெரிஞ்சாவணும் டீச்சர். ஒரு முடிவு எடுக்கணும்."

"என்ன முடிவுங்க?"

"தெரிஞ்ச பெறவு சொல்றேன்" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

சாந்தி மேரி உடனே தலைமையாசிரியருக்குப் போன் போட்டார்.

"முடிவுன்னா வேற என்னம்மா? டி.சி. வாங்கத்தான்" என்றார் பாலசுந்தரம், மீட்டிங்கிலிருந்து கிசுகிசுத்த குரலில். "ஜெயங்கொண்டத்துல இங்கிலீஷ் ஸ்கூல்காரங்க ஊர் ஊரா நோட்டீஸ் குடுக்குறாங்க. ஒரு புள்ள போச்சுன்னா ஒம்போது. பத்துக்குக் கொறஞ்சா பள்ளிக்கூடத்தையே பூட்டிப் பக்கத்து ஊரோட சேத்துடுவாங்கன்னு இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தப் புள்ளைய மரமாக்கிடும்மா!"

மரமாக்குவது என்ன, மாவாட்டுகிற வேலையா? அதைக் கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அப்போது ஆரம்பித்த முயற்சிதான் ஏழாவது தரத்தில் வந்து நிற்கிறது. பள்ளியில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, சத்துணவுக் கூடத்து வாசற்படி. அங்கே உட்கார்ந்துதான் சத்யப்பிரியா படித்தாள். உள்ளே சமையல்காரம்மா குஞ்சம்மாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"குஞ்சம்மா, அந்தத் தாளிப்பைக் கொஞ்சம் நிறுத்தும்மா. கிளிக்கு எரைச்சலா இருக்கு போலிருக்கு."

"ஏன், கிளி சாப்புடாதா டீச்சர்? தாளிக்காத சாம்பாரை நான் எப்படிப் புள்ளைங்களுக்கு ஊத்துறது?"

"பள்ளிக்கூடமே போவப்போவுது, உனக்குச் சாம்பாரு ஒரு கேடா?"

குஞ்சம்மாள் அடுப்பை அணைத்தார். முற்றம் அமைதியானது. ஆனால் மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது, சத்யப்பிரியா காலையில் ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தவள். பசியில் குரல் உள்ளே போய்விட்டது. கிளி கேட்டது, அழுதது. 'நிலை: விதை.'

"அடப்பாவி! இருந்ததும் போச்சே!"

மறுபடி அரியலூருக்குப் போன்.

"வேகமாப் படிக்க வெச்சிருப்பீங்க. நிறுத்தி நிதானமாப் படிக்கச் சொல்லுங்க. இங்க ட்ரெயினிங்குல அதான் சொல்றாங்க" என்றார் பாலசுந்தரம்.

சத்யப்பிரியா நிறுத்தினாள். நிதானித்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு கோழி முற்றத்தைக் கடந்து போனது. நாலாவது வரியில் கிளி கண்ணை மூடித் தூங்கிவிட்டது. 'வாசிப்பவர் வரவில்லை' என்று எழுத்து வந்தது. அதே எழுத்து அங்கமுத்துவுக்கும் போனது.

அடுத்த நிமிடமே அவர் கூப்பிட்டார். "டீச்சர்! புள்ள வரலைன்னு மெசேஜ் வருது! காலைல நான்தானே கொண்டாந்து விட்டேன்? எம்புள்ள எங்க?"

"இங்கதாங்க இருக்கு! எம்பக்கத்துலயே உக்காந்திருக்கு!"

"அப்ப ஏன் வரலைன்னு போடுது?"

"அது வந்து... கிளி தூங்கிடுச்சுங்க."

"டீச்சர், ஒடம்புக்கு நல்லாத்தானே இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வைத்தார்.

சாந்தி மேரிக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்தது. குறை பிள்ளையிடமா, கிளியிடமா? பரிசோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சத்யப்பிரியாவின் பெயரிலேயே அவர் உட்கார்ந்து அந்தப் பத்து வரியைப் படித்தார். வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிக்கிற குரல். அந்தக் குரல் கேட்டால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். கிளி கேட்டது.

'நிலை: விதை. பெற்றோர் தனிக் கவனம் செலுத்தவும்.'

இருபத்தொரு வருடம் பாடம் நடத்தியவர். போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"விடுங்க டீச்சர்" என்றார் குஞ்சம்மாள். "அடுத்த வருசம் மொளைச்சிடுவீங்க."

அதற்குள் அங்கமுத்து மறுபடி லைனில் வந்துவிட்டார். "டீச்சர், காலைல முளைங்குது. பதினொன்னரைக்கு விதைங்குது. அப்புறம் புள்ளையே இல்லைங்குது. இப்ப மறுபடி விதை, அதுல தனிக் கவனம் வேணும்னு வேற சொல்லுது. நீங்க சொல்லிக்குடுக்கச் சொல்லிக்குடுக்க இருக்குற படிப்பும் போவுதே டீச்சர்!"

சாந்தி மேரிக்கே அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

வழி தெரிந்தது வியாழக்கிழமை மத்தியானம்தான். சத்துணவுக் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தில் இருந்த க்யூஆர் கோடைக் குஞ்சம்மாளின் போனில் காட்டி, அதே மழை மயில் பாடத்தை ஒரு பெண் குரல் வாசிப்பதைச் சாந்தி மேரி பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சத்யப்பிரியாவின் பெயரில் கிளி திறந்திருந்த தன் போனை அணைக்க மறந்து பக்கத்தில் வைத்திருந்தார். திடீரென்று அந்தப் போனில் மேளச்சத்தம் கேட்டது. கிளி இறகை விரித்து ஆடியது. திரை முழுக்கப் பூ கொட்டியது. 'நிலை: மரம்! வாழ்த்துகள், சத்யப்பிரியா!'

சத்யப்பிரியா அப்போது பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

சாந்தி மேரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது கட்டளை. ஆனால் சொன்னது போன், கேட்டது போன். நடுவில் நிற்கிற மனுஷிக்கு இதில் எந்த அளவு பாவம் சேரும் என்று மனக்கணக்குப் போட்டார். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அரியலூருக்குப் போன் போட்டார்.

பாலசுந்தரம் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பதறினார். "ஒரு புள்ள மரம், ஒம்போது புள்ள விதையா? மேல சந்தேகப்படுவாங்கம்மா. மத்தப் பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. ஒண்ணு போனா ஒம்போது, ரெண்டு போனா எட்டு. எல்லாத்தையும் மரமாக்கிடு!"

"சார், பாலாஜிக்கு இன்னும் உயிரெழுத்தே பாதிதான் சார் தெரியும்!"

"பரவால்ல, நட்டு வை!"

ஒவ்வொரு பெயராகப் போட்டு, ஒவ்வொரு தரமும் அந்தப் பெண் குரலை ஓடவிட்டார். இன்னும் ஒன்பது தரம் மேளம் கொட்டியது. பாலாஜி 'ஔ' என்ற எழுத்தை இன்னும் பார்த்ததுகூட இல்லை, அவனும் மரமானான். பிள்ளைகள் கைதட்டினார்கள். சத்யப்பிரியா மட்டும் தட்டவில்லை.

"டீச்சர், நான் படிச்சது நல்லால்லையா?"

"நல்லாத்தான்டா கண்ணு படிச்சே. உன்ன மாதிரி இந்த ஒன்றியத்துலயே ஆளு கெடையாது."

"அப்பறம் ஏன் டீச்சர் அந்தக்கா படிச்சத எம்பேருல போட்டீங்க?"

சாந்தி மேரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரும்பலகையை அழிக்கப் போனார். அதில் இரண்டு நாளாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை, அழிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அழித்தார். வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் தப்பித்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு எதைச் சொல்லியும் அன்றைக்குப் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பாலசுந்தரமே மீட்டிங்கை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டார். பத்துக்குப் பத்து மரம் என்று வாட்ஸப் குழுவில் வாழ்த்து குவிந்துகொண்டிருந்தது. சட்டையை உள்ளே விட்டு, பவுடர் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதரை மணிக்கு அங்கமுத்து வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு. அவருக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களும் அம்மாக்களும் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

"பாத்தியா குஞ்சம்மா, நன்றி சொல்ல ஊரே வருது" என்றார் சாந்தி மேரி. மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒங்களக் கையெடுத்துக் கும்புடணும் டீச்சர்!" என்று அங்கமுத்து நிஜமாகவே கும்பிட்டார். "எத்தன தரம் அழுதுச்சு அந்தக் கிளி! ஒரே நாள்ல விதைய மரமாக்கிட்டீங்களே!"

"எல்லாம் புள்ளைங்க தெறமைங்க" என்றார் சாந்தி மேரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இந்தாங்க, நம்ம தோப்புப் பருப்பு. அப்படியே சத்யப்பிரியாவோட டி.சி.யை எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, கெளம்பிடுவேன்."

பாலசுந்தரத்தின் நாற்காலி கிறீச்சிட்டது. சாந்தி மேரி பொட்டலத்தை வாங்கப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"டி.சி.யா? மரம்னு வந்துடுச்சேங்க! கிளியே சொல்லிடுச்சே! இதுக்கு மேலயும் ஏங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

அங்கமுத்து பின்னால் நின்றவர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, டீச்சருக்கு இது ஏன் புரியவில்லை என்கிற முகத்தோடு சொன்னார்:

"படிப்பு ஏறாத புள்ளைங்கன்னா இங்கயே கெடக்கட்டும்னுதான் டீச்சர் நாங்க அத்தன பேரும் இருந்தோம், பத்தும் மரம்னு வந்துடுச்சா, அதான் ஜெயங்கொண்டம் இங்கிலீஷ் ஸ்கூலுக்கு ஒரு வேன் பேசிட்டோம்."