நாலரை மணிப் பாட்டும் நீ அனுப்பிய போனும்

அளவெட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் குகதாசனுக்கு,

நானும் உன் அக்கா அருந்ததியும் சுகம். சுவிஸில் நீயும் மனைவி மக்களும் குளிரில் விறைக்காமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் இதைத் தபாலில் போடுகிறேன்.

நீ அனுப்பிய போன் பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி. வேலைக்குத்தான் ஆகாது. ஒன்பது வருடமாகத் திருவிழாவுக்கு விடிய நாலரைக்குக் கோயிலில் பக்திப் பாட்டுப் போடுகிறவன் நான். என்ரை பழைய போனை வயரில் கொழுவினால் லவுட்ஸ்பீக்கர் பாட்டு அடுத்த ஊர் வரையும் கேட்கும். அது போன மாதம் கிணற்றுக்குள் விழ, எடுத்தபோது மெமரி காட்டுக்கு மட்டும்தான் உயிர் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டோடு அதை உன்ரை போனில் போட்டால், "காட் இல்லை" என்கிறது. என் கையால் போட்டதை இல்லையென்று சொல்ல அது ஆர்? மருதனார்மடத்துப் போன் கடைக்காரன் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "ஐயா, பாட்டு வேறை வகை, போன் வேறை வகை. புதுக் காட் வாங்குங்கோ" என்றான். பக்கத்து வீட்டு நிருஷன் கம்பியூட்டர் படித்தவராம். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்ப ஏத்துவம்" என்றார். அழித்த பிறகு எதையடா ஏற்றுவது என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் யோசிக்கிறார். புதன்கிழமை கொடியேறி மூன்று விடியலும் ஊர் செத்த வீடு மாதிரிக் கிடந்தது. என்ரை தொண்டு வேறை ஆருக்கும் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று பின்னேரம் உன் அக்கா காட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "உதென்னப்பா, அப்பிக் கிடக்கு?" என்று கேட்டாள். சந்தனம்! புதுச் சாமானைச் சாமித்தட்டில் வைத்துப் பொட்டு வைக்காமல் தொடுகிற குடும்பமா நாங்கள்? போனுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று வைத்தேன். காட்டில் மினுங்குகிற பக்கம்தான் முகம் என்று அங்கே வைத்தேன். அவள் முந்தானையால் துடைத்துப் போட, முதல் பாட்டே பிளந்துகொண்டு வந்தது. ஒரு பொட்டுச் சந்தனத்தைத் தாங்காத போனையா வெள்ளைக்காரன் செய்து விற்கிறான், நீயும் வாங்கி அனுப்புகிறாய்? வெட்கமாயில்லையோ?

நாளை விடியச் சண்முகநாதன் ஆரென்று ஊருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மிஞ்சினால் உனக்கும்.

இப்படிக்கு,
அத்தான் சண்முகநாதன்

பின்குறிப்பு: சனிக்கிழமை. விடிய நாலரைக்குப் பாட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டு முடிய முன்னம் கோயில் தலைவர் பொன்னுத்துரை இடுப்பில் அவிழ்ந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ அண்ணை, திருத்திப்போட்டியளோ? மூண்டு நாளாய்ச் சனம் நல்லாய் நித்திரை கொண்டு எழும்பிப் பூசைக்கு வந்தது. திருவிழா முடியுமட்டும் உங்கடை போன் பழுதாய்க் கிடக்கவேணுமெண்டு ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருக்கினம்" என்றார். நெஞ்சு வெடித்துப் போச்சு மச்சான். ஒன்பது வருடத்தில் ஒருத்தர்கூட முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "தற்செயலாய்ப் பாடிப்போட்டுது, இன்னும் பழுதுதான்" என்று சொல்லி வயரைக் கழற்றிவிட்டேன். உன்ரை போன் அருமையான போன். ஆனால் ஊரிலிருந்து ஆர் போன் எடுத்துக் கேட்டாலும், அத்தானுக்குப் பழுதான போனைத்தான் அனுப்பினேன் என்று சொல்.