அருவிக்கரையில் பெற்ற மூன்றாம் கையொப்பம்

திருநீற்றைக் கண்டால் கைகூப்புவது என் பிறவிக்குணம். அதில் பிழையில்லை. கூப்பிய கையால் அரசாங்க விண்ணப்பத்தையும் நீட்டினேனே, அதுதான் பிழை. (இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க என் இல்லத்தார் இன்றும் மறுக்கிறார்கள்.)

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் வேளாண் அலுவலகமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து பத்து நாளே ஆகியிருந்தது. கீழப்பாவூர் மாடசாமி அண்ணாச்சி வந்து நின்றார். அவருடைய கார்ப்பருவ நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்திருந்தது.

"தம்பி, இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா வைக்கோலுகூட மிஞ்சாது. மருந்து இங்கனதான இருக்கு?"

இருந்தது. பயிருக்கானது என்பதால் எங்கள் துறைக்கு உரியது; நஞ்சு என்பதால் சுகாதாரத் துறைக்கும் உரியது; அதைப் பூட்டி வைத்த கிடங்கோ வருவாய்த் துறைக்கு உரியது. மூவரும் ஒப்பமிட்டால்தான் கதவு திறக்கும். மும்மூர்த்திகள் ஒருசேரக் காட்சி தருவது அரிது. அன்று தந்தார்கள். 'ஒருங்கிணைப்புக் கூட்டம், அலுவலக மண்டபம்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சாரல் காலமாகையால், குற்றாலம் போயிருந்தார்கள்.

"பூச்சிக்குத் துறையெல்லாம் கெடையாது தம்பி. அது பாட்டுக்குத் திங்குது" என்றார் அண்ணாச்சி. இருவரும் பேருந்து ஏறினோம்.

அருவிக்கரையில் எல்லோரும் இடுப்புத் துண்டும் எண்ணெயுமாக ஒரே கோலம். என் அதிகாரியும் சுகாதார அதிகாரியும் ஒப்பமிட்டனர். "வருவாய் அதிகாரி அந்தப் பாறைக்கிட்ட இருக்காரு" என்று கைகாட்டிவிட்டு அருவிக்குள் புகுந்தனர்.

பாறையருகே ஒருவர் நின்றிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம், ஒரு துறைக்கே போதுமான தொந்தி. அவர் காலடியில் ஒருவர் குப்புறக் கிடந்தார். முறையிட வந்த ஏழை என்று இரங்கினேன். உள்ளம் உருகி விண்ணப்பத்தை நீட்டினேன்.

"கையெழுத்தா? போடப் படிச்சு ரெண்டு வருசமாச்சு. ஒருத்தனும் கேக்கல" என்றவர், எண்ணெய்க் கையால் எழுத்தெழுத்தாக 'சுப்பையா' என்று வரைந்தார்.

கிடங்கு திறந்தது. நெல் பிழைத்தது. மறுவாரம் மூன்று அதிகாரிகளும் என்னை அழைத்தனர்.

"யாருய்யா இந்தச் சுப்பையா?" என்றார் வருவாய் அதிகாரி. குரல் புதிது; முதுகு பழக்கமானது. பாறையில் குப்புறக் கிடந்த ஏழை அவரே. சுப்பையா அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் என்னைத் தண்டித்தால், மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குள் அருவி எப்படி விழுந்தது என்று எழுதவேண்டும். ஆகவே மூவரும் ஆலோசித்து விதியைத் திருத்தினர்: இனி நான்கு கையொப்பங்கள். நான்காவது யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. அதைத் தேடி உழவர்கள் மேலும் இரண்டு நாள் அலைந்தார்கள்.

அண்ணாச்சியைப் பின்னர் கண்டபோது புலம்பினேன்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். "சொல்லியிருந்தா நெல்லு போயிருக்கும்லா?"

இன்றும் நான் எந்தப் படிவத்தில் ஒப்பமிட அமர்ந்தாலும், என் மகள் எண்ணெய்க் கிண்ணத்தை அருகில் கொண்டுவந்து வைக்கிறாள்.

"தடவிட்டுப் போடுங்கப்பா. அப்பத்தான் செல்லும்."